பட்ஜெட் விமான டிக்கெட்: கேன்சல், தேதி மாற்றம், ரீஃபண்ட் – பெங்களூரு தமிழர்களுக்கான கேள்வி பதில்

பெங்களூரிலிருந்து மதுரை, கோவை, திருச்சி, தூத்துக்குடி, சென்னை என்று குறைந்த கட்டண விமானத்தில் ஊருக்குப் போய் வருபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளையும், கவுன்டரிலும் வங்கியிலும் நடைமுறையில் நடப்பதையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

நானே டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும்?

முதலில் டிக்கெட்டின் கட்டண விவரத்தைத் திறந்து பாருங்கள். மொத்தத் தொகை ஒன்றுதான் என்றாலும் அதற்குள் மூன்று வகைப் பணம் இருக்கிறது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் ஏர்லைன்ஸுடையவை. ஜிஎஸ்டி, விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் ஆகியவற்றை ஏர்லைன்ஸ் உங்களிடம் வாங்கி அரசுக்கோ விமான நிலையத்துக்கோ கட்டுகிறது. மூன்றாவது, பதிவு செய்யும்போது சேர்க்கும் கன்வீனியன்ஸ் ஃபீ. இது திரும்ப வராது.

கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி பார்ப்போம். பெங்களூரு–மதுரை டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 3,000, எரிபொருள் கட்டணம் 400, அந்த 3,400க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 170, பாதுகாப்புக் கட்டணம் 200, பயன்பாட்டுக் கட்டணம் 550 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,320. இதற்கு மேல் கன்வீனியன்ஸ் ஃபீ 350. ஏர்லைன்ஸின் தளத்தில் கேன்சல் கட்டணம் 4,000 ரூபாய் என்று போட்டிருந்தாலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த 3,400க்கு மேல் உங்களிடம் பிடிக்கக் கூடாது. 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் டிஜிசிஏ விதி இது. அப்படியானால் 170, 200, 550 சேர்ந்து 920 ரூபாய் உங்கள் கைக்கு வர வேண்டும். ரீஃபண்ட் செய்வதற்கென்று தனியாக ஒரு கட்டணம் போடவும் அனுமதி இல்லை.

கேன்சல் கட்டணம் ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு. நான்கு பேர் போய்வரும் டிக்கெட் என்றால் எட்டு முறை பிடிப்பார்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் வரும் ரீஃபண்ட் தொகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் கையில் இருக்கும் முதல் சான்று அதுதான்.

"நான்-ரீஃபண்டபிள்" என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறதே?

அந்தச் சொல் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சலுகை விலை, திருவிழா ஆஃபர் எதில் வாங்கியிருந்தாலும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டியவை.

ஹெப்பால் டிராஃபிக்கில் மாட்டி விமானத்தைத் தவறவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

அடிப்படைக் கட்டணம் போய்விட்டது. வரியும் விமான நிலையக் கட்டணமும் போகவில்லை. பயணம் செய்யாமல் விட்ட டிக்கெட்டுக்கும், அதாவது நோ ஷோ ஆன டிக்கெட்டுக்கும், அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. ஆனால் இது பெரும்பாலும் தானாக வருவதில்லை, கேட்டால்தான் வரும். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்த அன்றே ஏர்லைன்ஸின் தளத்தில் "நோ ஷோ டாக்ஸ் ரீஃபண்ட்" என்ற படிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பிஎன்ஆர், பயணத் தேதி, பயணிகளின் பெயர் மூன்றையும் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்பதற்கென்று நாள் கெடு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இது சில ஆயிரம் ரூபாய். அதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம் என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

சில்க் போர்டிலேயே நேரமாகிவிட்டது, எட்டிப்பிடிக்க முடியாது என்று தெரிந்தால் காரில் உட்கார்ந்தபடியே ஆப்பைத் திறந்து பாருங்கள். கேன்சலுக்கும் தேதி மாற்றத்துக்கும் ஒரு கடைசி நேரம் உண்டு. உள்நாட்டு விமானங்களில் புறப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பது வழக்கம். அந்த எல்லைக்குள் மாற்றினால் அடிப்படைக் கட்டணத்தில் ஒரு பகுதியாவது மிஞ்ச வாய்ப்பு உண்டு. எல்லை தாண்டியபின் வரிப் பணம் மட்டும்தான்.

டெர்மினலையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பெங்களூரில் உள்நாட்டு விமானங்கள் இரண்டு டெர்மினல்களிலிருந்தும் கிளம்புகின்றன. தவறான வாசலில் இறங்கி, அங்கிருந்து மற்றதற்குப் போவதற்குள் கவுன்டர் மூடிவிடும்.

பதிவு செய்த கொஞ்ச நேரத்திலேயே தேதி தப்பு என்று தெரிந்தது. கட்டணம் இல்லாமல் கேன்சல் செய்ய முடியுமா?

முடியும். பதிவு செய்த 48 மணி நேரத்துக்குள் கட்டணம் இல்லாமல் கேன்சல் செய்யலாம், அல்லது மாற்றலாம். மாற்றினால் புதிய விமானத்தின் அன்றைய விலை வித்தியாசத்தை மட்டும் கட்ட வேண்டும். இரண்டு நிபந்தனைகள்: விமானம் புறப்பட இன்னும் 7 நாளாவது இருக்க வேண்டும், ஏர்லைன்ஸின் சொந்தத் தளத்தில் வாங்கியிருக்க வேண்டும். 2016 விதியில் இந்த நேரம் 24 மணியாக இருந்தது. அதை 48 மணியாக உயர்த்தும் வரைவை டிஜிசிஏ 2025 நவம்பரில் வெளியிட்டு, 2026இல் விதியாக்கியது. எப்படி இருந்தாலும் 24 மணிக்குள் முடித்துவிட்டால் எந்தக் கணக்கிலும் நீங்கள் பாதுகாப்பாக இருப்பீர்கள்.

நாளைக்குப் போகும் டிக்கெட்டை இன்று வாங்கிவிட்டு இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

தேதியை மாற்றுவது லாபமா, கேன்சல் செய்துவிட்டுப் புதிதாக வாங்குவது லாபமா?

மாற்றுவதுதான் எப்போதும் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் பல நேரம் அப்படி வராது. மாற்றும்போது மாற்றக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் இரண்டும் சேரும். புதிய நாளில் விலை குறைவாக இருந்தால் அந்த மிச்சத்தைப் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள்.

மேலே சொன்ன 4,320 ரூபாய் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முந்தைய நாளுக்கு மாற்ற வேண்டும். அதே ஏர்லைன்ஸில் அன்றைய விலை 5,200, மாற்றக் கட்டணம் 2,999 என்றால் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 880 + 2,999 = 3,879. பழைய டிக்கெட்டைக் கேன்சல் செய்து 920 வாங்கிக்கொண்டு, வேறு ஏர்லைன்ஸில் 4,600க்குப் புதிதாக வாங்கினால் கையிலிருந்து போவது 3,680. அதாவது 199 ரூபாய் மிச்சம். அதே ஏர்லைன்ஸில் 5,200 கொடுத்துப் புதிதாக வாங்கினால் 4,280 ஆகிவிடும், அப்போது மாற்றுவதே மேல். மூன்று தொகையையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதிய டிக்கெட்டுக்கு இன்னொரு கன்வீனியன்ஸ் ஃபீ போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 350 என்றால் இந்த 199 ரூபாய் மிச்சமும் போய்விடும்.

கோவைக்கும் மதுரைக்கும் பெங்களூரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. கணக்குப் போடும்போது அந்த ரயில் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏர்லைன்ஸே விமானத்தை ரத்து செய்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆப்பில் வழக்கமாக இருக்கும் "கேன்சல்" பொத்தானை அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் நீங்களாக விருப்பப்பட்டு ரத்து செய்ததாகப் பதிவாகி, கேன்சல் கட்டணம் பிடிக்கப்படலாம். ஏர்லைன்ஸ் ரத்து செய்த விமானத்துக்குத் தனி வழி இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பு, அல்லது தளத்தில் தனிப் பக்கம். இண்டிகோவில் அதற்குப் "பிளான் பி" என்று பெயர். அந்த வழியில் போனால் இரண்டு தேர்வுகள் வரும்: வேறு விமானம், அல்லது முழு ரீஃபண்ட். எதை எடுப்பது என்பது உங்கள் முடிவு. வேறு விமானத்தைத் தானாகவே மாற்றிப் போட்டிருந்தாலும், அது ஒத்துவரவில்லை என்றால் மறுத்து முழுப் பணத்தைக் கேட்கலாம்.

இது தவிர நஷ்டஈடு என்று ஒன்று உண்டு. விமானம் ரத்து என்று 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், பயண நேரம் 1 மணி வரை உள்ள விமானத்துக்கு 5,000 ரூபாய், 1 முதல் 2 மணி வரை 7,500, 2 மணிக்கு மேல் 10,000. இந்தத் தொகையும், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையும், இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மேலே சொன்ன மதுரை டிக்கெட்டில் அது 3,400. ரீஃபண்டுக்கு மேல் தனியாக வர வேண்டிய பணம் இது.

மறுப்பதற்கு அவர்கள் சொல்லக்கூடிய காரணம் இரண்டு. ஒன்று, வானிலை, பாதுகாப்புப் பிரச்சினை, வேலைநிறுத்தம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற அவர்கள் கையில் இல்லாத காரணங்கள். டிசம்பர், ஜனவரி காலைகளில் தேவனஹள்ளிப் பக்கம் பனிமூட்டம் இறங்கி விமானங்கள் ரத்தாவது இந்த வகை. அப்போது நஷ்டஈடு கிடையாது, ரீஃபண்ட் உரிமை மட்டும் அப்படியே இருக்கும். இரண்டு, பதிவில் உங்கள் தொடர்பு எண் இல்லை என்பது. ஏஜென்ட் தன் சொந்த மொபைல் எண்ணைப் போட்டு டிக்கெட் எடுத்திருந்தால் தகவல் அவருக்குத்தான் போகும், நஷ்டஈடும் கையை விட்டுப் போகும். டிக்கெட் வந்ததும் ஏர்லைன்ஸ் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டு, தொடர்பு எண் உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, பாக்கி ரீஃபண்ட் முழுவதையும் டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. அப்படிப் பெரிய அளவில் ரத்தாகும் நாட்களில் அமைச்சகத்தின் அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். வழக்கமான விதியைவிடச் சாதகமான உத்தரவு இருக்கலாம்.

ரத்து இல்லை, தாமதம்தான். அதற்கு?

தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால், வேறு விமானமோ முழு ரீஃபண்டோ கேட்கலாம். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகும் விமானங்கள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள், கேட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் அறையும் தர வேண்டும். இங்கேயும் வானிலை போன்ற விதிவிலக்குகள் உண்டு.

வெப் செக்-இன் செய்துவிட்டேன். இப்போது கேன்சல் செய்ய விடமாட்டேன் என்கிறதே?

செக்-இன் ஆன டிக்கெட்டைத் தளம் கேன்சல் செய்ய விடாது. முதலில் "அன்டூ செக்-இன்" செய்யுங்கள், பிறகு கேன்சல் தேர்வு வரும். அந்தப் பொத்தான் கிடைக்கவில்லை என்றால் உடனே சாட்டில் எழுதிக் கேளுங்கள். நீங்கள் எழுதிய நேரம் பதிவில் இருக்கும்.

நான்கு பேர் டிக்கெட்டில் ஒருவர் மட்டும் வரவில்லை. எல்லோரையும் ரத்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். பிஎன்ஆரைப் பிரித்து அந்த ஒருவரை மட்டும் கேன்சல் செய்யலாம். சிறு குழந்தை இருந்தால் பெரியவர் ஒருவருடன் ஒரே பிஎன்ஆரில் இருக்கும்படி பிரியுங்கள். போக வர ஒன்றாக எடுத்த டிக்கெட்டில் போகும் விமானத்தை மட்டும் விடப்போகிறீர்கள் என்றால், திரும்பும் டிக்கெட் உயிருடன் இருக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில ஏர்லைன்ஸில் முதல் பயணம் நோ ஷோ ஆனால் திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும்.

இனிஷியல் மட்டும் உள்ள பெயர். குடும்பப் பெயர் கேட்கிறார்கள். தப்பாகப் போட்டால் கேன்சல்தானா?

நம் ஆட்கள் பணத்தை இழக்கும் இடங்களில் இது முக்கியமானது. ஆதாரில் "எஸ். முருகன்" என்று இருக்கும். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கேட்கும். உள்நாட்டுப் பயணத்துக்கு, வாசலில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடி போட்டால் போதும். கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை விரித்தோ அல்லது இனிஷியலையோ போடலாம். சில தளங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காது. அப்போது அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். துபாய், சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுப் பயணத்தில் இந்த நெகிழ்வு இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

தவறு நடந்துவிட்டால் முதலில் கேன்சலுக்குப் போகாதீர்கள். ஏர்லைன்ஸில் நேரடியாக வாங்கி, 24 மணிக்குள் சுட்டிக்காட்டினால், அதே ஆளின் பெயர்த் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நேரம் தாண்டியிருந்தாலும் ஓரிரு எழுத்துப் பிழையைப் பலர் திருத்தித் தருகிறார்கள். ஒரு ஆளின் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது மட்டும் நடக்காது. அண்ணனுக்குப் பதில் தம்பி போக முடியாது.

ஆப் அல்லது டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்தேன். "ஏர்லைன்ஸிடமிருந்து பணம் வரவில்லை" என்கிறார். ஏர்லைன்ஸ் "ஏஜென்டிடம் கேளுங்கள்" என்கிறது.

ஏஜென்ட் என்பவர் ஏர்லைன்ஸ் நியமித்த பிரதிநிதி, ஆகவே ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்ஸ் என்று விதி நேராகவே சொல்கிறது. இந்த வழியில் 14 வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். 2026க்கு முன் இந்தக் கெடு 30 வேலை நாளாக இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலை, ஒருவருக்குத் தெரியும்படி மற்றவருக்கு, அனுப்புங்கள். "பணத்தை எந்தத் தேதியில், எந்த எண்ணுடன், யாருக்கு அனுப்பினீர்கள்?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள். பந்து எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

ஏஜென்ட் பிடிக்கும் சேவைக் கட்டணம் வேறு, ஏர்லைன்ஸ் கேன்சல் கட்டணம் வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டும் ரசீது கேளுங்கள்.

"ரீஃபண்ட் செய்துவிட்டோம்" என்கிறார்கள், கணக்கில் வரவில்லை.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கேன்சல் ஆன 7 நாளுக்குள் கார்டுக் கணக்கில் வர வேண்டும். வரவில்லையென்றால் ஏர்லைன்ஸிடம் ஏஆர்என் எண்ணைக் கேளுங்கள். 23 இலக்கம் கொண்ட அந்த எண்ணை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். யுபிஐ என்றால் 12 இலக்க ஆர்ஆர்என் எண். எண் தர முடியவில்லை என்றால் பணத்தை இன்னும் அனுப்பவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரீஃபண்ட் பணம் கிரெடிட் கார்டின் அடுத்த பில்லில் வரவாக வரும். அதை நம்பி இந்த மாதப் பில்லைக் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். இஎம்ஐயில் எடுத்த டிக்கெட் என்றால், ரீஃபண்ட் வந்தாலும் இஎம்ஐ தானாக நிற்காது. வங்கியை அழைத்து இஎம்ஐயை முடிக்கச் சொல்ல வேண்டும்.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவே இல்லை.

உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்து, ஏர்லைன்ஸிடம் பதிவு ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, தோல்வியடைந்த இணையப் பரிவர்த்தனையின் பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும்.

பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல் தருகிறோம் என்கிறார்கள்.

ஏற்பதும் மறுப்பதும் பயணியின் உரிமை. கிரெடிட் ஷெல் என்பது அந்த ஏர்லைன்ஸிலேயே பிறகு பயன்படுத்தும் வரவு. காலாவதித் தேதி உண்டு. அடுத்த மாதமே ஊருக்குப் போவது உறுதி என்றால் எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி பணமே கேளுங்கள். கோ ஃபர்ஸ்ட் என்ற பட்ஜெட் ஏர்லைன்ஸ் 2023 மே 3 அன்று பறப்பதை நிறுத்தியதும், அதன் டிக்கெட்டும் வரவும் வைத்திருந்தவர்கள் பணத்துக்காகக் காத்துக்கிடக்க நேர்ந்தது. கார்டில் கட்டியவர்களுக்குச் சார்ஜ்பேக் என்ற ஒரு வழி கூடுதலாக உண்டு. சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் மனு கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது அது. கெடு உண்டு என்பதால் தாமதிக்காமல் கொடுங்கள்.

கூகுளில் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்தேன், ஒரு ஆப் இறக்கச் சொல்கிறார்.

போனை வையுங்கள். அது மோசடி. ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் போடத் தேவையே இல்லை, ஓடிபி சொல்லத் தேவையில்லை, திரையைப் பகிரும் ஆப் தேவையில்லை. எண்ணை ஏர்லைன்ஸின் ஆப்பிலிருந்தோ டிக்கெட்டிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்துவிட்டு, வங்கியில் கார்டையும் யுபிஐயையும் முடக்குங்கள்.

எவ்வளவு எழுதியும் பதில் இல்லை. அடுத்து எங்கே போவது?

முதலில் ஏர்லைன்ஸின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முகவரி தளத்தில் இருக்க வேண்டும். பிஎன்ஆர், கட்டிய தொகை, எந்த விதியின்படி எவ்வளவு வர வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஐந்தாறு வரியில் முடியுங்கள். கோபத்தை எழுதினால் படிப்பவர் தொகையைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது அமைச்சகத்தின் ஏர்சேவா தளமும் ஆப்பும். அங்கே புகார் பதிந்தால் ஏர்லைன்ஸ் அதே இடத்தில் பதில் எழுத வேண்டும். பல சிறிய தொகைகள் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகின்றன. அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஆகவே பெங்களூரில் இருப்பவர் பெங்களூரிலேயே போடலாம், ஏர்லைன்ஸின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விமானப் பயணம் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் நிரந்தர லோக் அதாலத்துக்கும் போகலாம், அங்கேயும் கட்டணம் கிடையாது.

வீட்டில் துக்கம் நேர்ந்ததால் போக முடியவில்லை. விதிவிலக்கு உண்டா?

ஏர்லைன்ஸின் விருப்பத்தைப் பொறுத்தது. முதலில் விமானம் கிளம்பும் முன் கேன்சல் செய்துவிடுங்கள், நோ ஷோ ஆக விடாதீர்கள். காரியங்கள் முடிந்தபின் இறப்புச் சான்றிதழையும் உறவைக் காட்டும் ஓர் ஆவணத்தையும் இணைத்து, கேன்சல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எழுதுங்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியை வையுங்கள்.